நாலங்குலப் புல்லியும் சத்தமில்லாத படகும்

எந்த மோட்டாரின் தகட்டில் அடித்திருக்கும் எண்ணையும் நான் நம்புவதில்லை. விற்கிறவன் சொல்வதையும் நம்புவதில்லை. அவன் சொன்னதாக வந்து சொல்கிறவனை அதைவிடக் குறைவாக நம்புகிறேன். கடையில் வாங்கிவந்த சர்க்கரையை வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்க்கிற ஆள் என்று மனைவியும் பிள்ளைகளும் என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். ஜோகூர் ஆற்றங்கரையில் ரப்பர் தோட்டத்து இயந்திரங்களோடு மாரடித்தே தலை நரைத்தவன் நான். ஓய்வு பெற்று வரும்போது கையோடு கொண்டுவந்தது இந்தக் குணம் ஒன்றைத்தான்.

போன மாதம் தம்போயில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஏதோ ஆலையில் கழித்துப் போட்ட மின்சார மோட்டார் ஒன்றும் லாரி பேட்டரிகளும் அவருக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றைச் சம்பான் படகில் பொருத்திச் சத்தமில்லாமல் இறால் பிடிக்கப் போக ஆசை. "ஐயா, மோட்டாரு ரொம்ப வேகமா சுத்துது. நடுவுல புல்லியும் பெல்ட்டும் போட்டு வேகத்தக் கொறைக்கணும். எந்தப் புல்லிக்கு எந்தப் புல்லின்னு ஒரு அளவு சொன்னா போதும்லா" என்றார். அளவு சொல்வது அரை நிமிஷ வேலை. ஆனால் அளவை மட்டும் கேட்டு வருகிறவர் மேல் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். ஒரு படகின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே கடிகாரத்தைப் பார்த்தார். அதனால் முழுவதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் ஊரிலிருந்து ஜோகூருக்குக் கப்பலேறி வந்தது மீசை முளைக்காத வயதில். முதலில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தேன். பிறகு ரப்பர் ஆலைக்கு எண்ணெய் ஊற்ற அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய எண்ணெய் இன்ஜின் இருந்தது. அது கூரையை ஒட்டி ஓடும் நீண்ட இரும்புத் தண்டைச் சுற்றும். அந்தத் தண்டிலிருந்து, ரப்பர் சீட்டைப் பிழியும் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு தோல் பெல்ட் இறங்கும். அந்தப் பெல்ட்டுகளுக்கு நடுவே குனிந்து நிமிர்ந்துதான் வேலை கற்றேன். பெல்ட் வழுக்கினால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். உடனே புல்லியின் மேல் ரப்பர் பாலைத் தடவுவோம். அதிகம் வழுக்கினால் கித்தான் துணியைப் பாலில் நனைத்துப் புல்லியில் சுற்றிக் காயவிடுவோம். பிடி கிடைத்துவிடும். எங்கள் தோட்டத்தில் எது ஒட்டவில்லை என்றாலும் மருந்து பால்தான். கூரை ஒழுகினால் பால், செருப்பு பிய்ந்தால் பால். அதை ஒரு காரியமாக யாரும் நினைப்பதும் இல்லை, சொல்வதும் இல்லை.

எங்கள் போர்மேன் சவரிமுத்து. ஊரில் ரயில் பட்டறையில் வேலை பழகியவர். மெலிந்த ஆள், கத்தவே மாட்டார். சட்டைப் பையில் இரும்பு அளவுகோலும், பருமனைக் கவ்வி அளக்கும் ஒரு கேலிப்பரும் எப்போதும் இருக்கும். ஸ்டோரிலிருந்து அரை அங்குல போல்ட் என்று வந்தால் ஒவ்வொன்றாக எடுத்துக் கேலிப்பருக்குள் விட்டுப் பார்ப்பார். எண்ணெய் பீப்பாய் வந்தால் குச்சியை விட்டு மோந்து பார்ப்பார். "முடிச்சிட்டேன் ஐயா" என்று யாராவது சொன்னால் அவர் வாயில் வருவது ஒரே சொல்தான்: "அப்படியா?" சொல்லிவிட்டு எழுந்து நேரில் போய்ப் பார்ப்பார். கன்னத்தில் ஓர் அறை வாங்கினாலும் பரவாயில்லை, அந்த "அப்படியா"வை வாங்கக் கூடாது என்று ஆலையில் எல்லாருக்கும் பயம். எனக்கு மட்டும் அது பிடித்திருந்தது. மனிதர்கள் பொய் சொல்வார்கள், அளவுகோல் சொல்லாது என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ரப்பர் விலை விழுந்து, இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று சர்க்கார் ஒவ்வொரு தோட்டத்துக்கும் கட்டுப்பாடு வைத்திருந்த காலம் அது. அளவுக்கு மேற்பட்ட சீட்டுகளை இருட்டில் சம்பானில் ஏற்றி ஆற்றோடு இறக்கிச் சிங்கப்பூர் பக்கம் கடத்துகிறார்கள் என்று பேச்சு. ஆற்றில் போலீஸ் படகு சுற்றிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் துரைக்கு மின்சாரப் படகு வேண்டும் என்ற எண்ணம் வந்தது. துரை என்றால் தோட்டத்து வெள்ளைக்கார மானேஜர். இருந்த லாஞ்சில் எண்ணெய் இன்ஜின் போட்ட சத்தத்தில் அவர் மனைவிக்குத் தலைவலி. தொழிலாளர் லயத்து நோயாளிகளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதே லாஞ்சுதான். அவர்களுக்கும் தலைவலி வந்திருக்கும். அதை யாரும் கேட்கவில்லை.

அதே லாஞ்சில் பொருத்த மோட்டாரும் பேட்டரிகளும் சிங்கப்பூரிலிருந்து வந்தன. தகட்டில் நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்று என்று அடித்திருந்தது. சவரிமுத்து அதைப் படித்துவிட்டு, "அப்படியா?" என்று தகட்டையே கேட்டார்.

பிறகு அவர் செய்த வேலையை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம். மோட்டாரை மேஜையில் இறுக்கினார். சுற்று எண்ணும் கருவியைத் தண்டின் நுனியில் அழுத்திக் கடிகாரத்தைப் பார்த்தார். எண்ணிக்கை தகட்டைவிட அதிகமாக வந்தது. நான் சிரித்தேன். "சும்மா சுத்தறப்ப எவனும்தான் ஓடுவான். சொமையைக் குடு, அப்பப் பாப்போம்" என்றார். ஒரு பலகையைப் புல்லியின் மேல் வைத்து அழுத்தச் சொன்னார். நான் அழுத்த அழுத்த, மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் ஆம்ப் மீட்டர் ஊசி ஏறியது. மோட்டார் தாங்கும் கோட்டில் ஊசி நின்றதும் "அங்கியே பிடி" என்று சொல்லிவிட்டு மறுபடி எண்ணினார். பலகை புகைந்தது. அப்போதுதான் தகட்டில் இருந்த எண்ணை ஒப்புக்கொண்டார்.

தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளுவது பழைய விசிறியேதான். அது பெரியது. நிமிஷத்துக்கு ஐந்நூறு சுற்றுக்கு மேல் போனால் படகைத் தள்ளுவதைவிடத் தண்ணீரைக் கலக்குவதுதான் அதிகமாகும். ஆக, மோட்டார் மூன்று சுற்று சுற்றினால் விசிறி ஒரு சுற்று சுற்ற வேண்டும். மோட்டாரில் சின்னப் புல்லி, விசிறித் தண்டில் அதைப் போல மும்மடங்கு பெரிய புல்லி. மூன்றங்குலமும் ஒன்பதும் வைக்கலாம். ஆனால் சின்னப் புல்லி ரொம்பச் சின்னதானால் பெல்ட் அதைச் சரியாகக் கட்டிப் பிடிக்காது. ஐந்தும் பதினைந்தும் வைத்தால் பெரிய புல்லி படகின் அடியில் தேங்கும் தண்ணீரில் முங்கும். நான்கும் பன்னிரண்டும் என்று முடிவு செய்தார். கடைந்து முடித்த புல்லிகளைக் கேலிப்பரால் சுற்றிச் சுற்றி அளந்தார். "நாலு. சரியா நாலு" என்றார். அவர் எதையும் சரி என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அவருக்கு ஒரே குறை, இரண்டு புல்லிகளும் ரொம்பப் பக்கத்தில் இருந்தன. இடைவெளி குறைந்தால் சின்னப் புல்லியில் பெல்ட் படும் இடமும் குறையும், பிடிப்பும் குறையும். மோட்டாரை முன்னால் தள்ளி வைக்க அனுமதி கேட்டார். அங்கே துரையம்மா உட்காரும் பிரம்பு நாற்காலி இருந்தது. துரை முடியாது என்றார். "பெல்ட்டு வழுக்குச்சுன்னா?" என்று துரை கேட்டதற்கு, "வழுக்காது தொரை" என்று சவரிமுத்து சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். சந்தேகமே பிழைப்பாக இருந்த மனிதர் அன்றைக்கு மட்டும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

படகை ஓட்டியவர் காதர் மரைக்காயர், எங்கள் செராங். நாகூர்ப் பக்கத்துக்காரர். கோத்தா திங்கி அருகே கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் மலாய்ப் பெண்ணைக் கட்டி, மூன்று பெண் குழந்தைகளோடு இருந்தார். எப்போதும் வெற்றிலை மென்றுகொண்டு, ஆற்று நீரின் நிறத்தைப் பார்த்தே ஏற்றமா வற்றா என்று சொல்லிவிடுவார். முதல் ஓட்டத்தில் படகு நழுவிக்கொண்டு போனதே தவிர ஒரு சத்தம் இல்லை. துரையம்மா கை தட்டினார். மரைக்காயர் மட்டும் முகம் சுளித்தார். "சத்தமில்லாம வர்ற படகும் ஆளும் எனக்கு ஆகாது தம்பி. எதுத்தாப்ல வர்றவனுக்கு எப்புடித் தெரியும்?" என்றார்.

முதல் சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. காலையில் டவுனுக்குப் போய் மாலையில் திரும்பினாலும் பேட்டரியில் மிச்சம் இருக்கும். பேட்டரிக்குள் இருக்கும் அமிலத்தைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சிப் பார்த்தால், உள்ளே மிதக்கும் குண்டு எவ்வளவு மேலே நிற்கிறதோ அவ்வளவு சக்தி மிச்சம். தினமும் அதைப் பார்ப்பது என் வேலை. மழைக்காலம் வந்தது. குண்டு கீழே இறங்க ஆரம்பித்தது. ஒருநாள் படகு திரும்பும் வழியிலேயே நின்றுபோய், மரைக்காயர் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தார்.

சவரிமுத்து முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டார். ஒவ்வொன்றாகச் சோதித்தோம், நன்றாக இருந்தது. படகின் அடியைச் சந்தேகப்பட்டார். கரையேற்றிப் பாசியையும் சிப்பியையும் சுரண்டினோம், மாற்றமில்லை. என்னைச் சந்தேகப்பட்டார். நான் மின்சாரம் ஏற்றும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அதிலும் குறை கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது மரைக்காயர்.

மரைக்காயர் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். "போர்மேன் ஐயா, மீட்டர் ஊசி முன்ன மாரி இல்ல. ரொம்ப ஏறுது." சவரிமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா? நீ எப்பருந்து மீட்டரு படிக்கக் கத்துக்கிட்ட?" என்றார். பிறகு என்னிடம், "பழியை மீட்டர் மேல போடுறான் பாத்தியா" என்றார். எனக்கும் அது அப்படித்தான் பட்டது. மரைக்காயரின் பேச்சு எப்போதும் கொஞ்சம் வழவழப்பு. அந்த வழவழப்பை நானும் நம்பவில்லை.

அந்தச் சமயத்தில் ஆற்றின் கீழ்ப்பக்கம் போலீஸ்காரர்கள் கடத்தல் ரப்பர் ஏற்றிய சம்பான் ஒன்றைப் பிடித்தார்கள். இன்னொன்று சத்தமே இல்லாமல் தப்பிவிட்டது என்று செய்தி பரவியது. சத்தமில்லாத படகு அந்த ஆற்றிலேயே எங்களிடம்தான் இருந்தது. மரைக்காயர்தான் ராத்திரியில் படகை எடுத்துப்போகிறாரோ என்று துரையின் முகம் மாறியது. இரவில் படகைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். சாவி சவரிமுத்துவிடம். அப்படியும் குண்டு இறங்கியது. "அவன்கிட்ட இன்னொரு சாவி இருக்கு" என்றார் சவரிமுத்து. நான் பேட்டரிப் பெட்டி மூடியில் ஒரு தலைமுடியை ஒட்டி வைத்தேன். காலையில் முடி அறாமல் இருந்தது. போய்ச் சொன்னேன். "அப்படியா? முடியப் பாத்துட்டு மறுபடி ஒட்டி வெச்சிருப்பான்" என்றார். முடி அறுந்திருந்தால் திருடன், அறாவிட்டால் கெட்டிக்காரத் திருடன். மரைக்காயருக்கு வெளியே வர வழியே இல்லாமல் போயிற்று.

துரை போலீசுக்குச் சொல்லி அனுப்பினார். இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை வருவார், அதுவரை செராங் தோட்டத்தைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. ஆலைக்குப் பின்னால் சாமான் அறையில் அவரை உட்காரவைத்து வாசலில் காவல் போட்டார்கள். கடத்தல் ருசுவானால் சிறை. சிறைக்குப் பிறகு நாடு கடத்திக் கப்பலேற்றிவிடுவார்கள். அவர் நாகூரில், பெண்டாட்டி பிள்ளைகள் ஜோகூரில் என்று ஆகிவிடும். சாப்பாடு கொண்டுபோன என்னிடம் மரைக்காயர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, நாடு கடத்தினா குடும்பத்தக் கூட ஏத்துவாங்களா?" எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக நோயாளிகள் இருந்தார்கள். படகை என்னை ஓட்டச் சொன்னார்கள். போய் வந்து குழாயில் உறிஞ்சிப் பார்த்தேன். குண்டு அடியில் கிடந்தது. வழியெல்லாம் மீட்டர் ஊசி, மரைக்காயர் சொன்னதுபோலவே, எகிறிப்போய்த்தான் நின்றது. யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படலாம், நான் என்னைச் சந்தேகப்பட முடியாதே! நான் எங்கும் திரும்பவில்லை, எதையும் ஏற்றவில்லை. சவரிமுத்துவிடம் சொன்னேன். அவர் என்னை அதே மாதிரி ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா? நீயும் அவனும் கூட்டா?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்றைக்கு இன்னொன்றையும் கவனித்திருந்தேன். டவுன் படகுத்துறை ஜெட்டிக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருந்தோம். படகு வேகமாக ஓடுகிறது என்று யாரும் முறையிடப் போவதில்லை. ஆனால் கேட்காமலே கிடைக்கிற எதையும் நான் நம்புகிறவன் இல்லை. அதே மோட்டார், அதே விசிறி. கூடுதல் வேகம் எங்கிருந்து வந்தது? நடுவில் இருப்பது புல்லியும் பெல்ட்டும்தான். அவற்றின் மேல் ஒரு மரக்கூண்டு. அந்தக் கூண்டை யாரும் திறக்கக் கூடாது, பெல்ட் வேலையைத் தன்னைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது என்று சவரிமுத்து முதல் நாளே சொல்லியிருந்தார். அதை இத்தனை நாளும் அவருடைய கண்டிப்பு என்று நினைத்தேன். இப்போது அதுவே சந்தேகமாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர் மாதா கோவிலுக்குப் பூசை பார்க்கப் போன நேரத்தில் கூண்டின் திருகாணிகளைக் கழற்றினேன். மோட்டார் புல்லி இரும்பாக இல்லை. பழுப்பாக, பளபளவென்று, கையில் பிசுபிசுத்தது. பாலில் நனைத்த கித்தான் துணி, சுற்றின் மேல் சுற்று. ஓரத்தைக் கத்தியால் சீவினேன். வெங்காயம்போல அடுக்கடுக்காக வந்தது. கேலிப்பரை வைத்தேன். நான்கு அங்குலப் புல்லி ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மழையில் நனைந்து தோல் பெல்ட் நீண்டிருக்கிறது. நீண்டதும் வழுக்கியிருக்கிறது. மோட்டாரை முன்னால் தள்ளி இறுக்க இடமில்லை. சவரிமுத்து பாலும் துணியும் சுற்றியிருக்கிறார். மறுபடி நீள, மறுபடி சுற்று. புல்லி பருக்கப் பருக்க மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு குறைந்து, விசிறி வேகமாகச் சுற்றியிருக்கிறது. விசிறியைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் தண்ணீர் கொஞ்சமாக எதிர்க்காது, பல மடங்காக எதிர்க்கும். அதற்கெல்லாம் பேட்டரிதான் பதில் சொல்ல வேண்டும். ஆலையில் இப்படிச் சுற்றினால் ஒன்றும் தெரியாது, இன்ஜினிடம் அவ்வளவு பலம் மிச்சம் இருக்கும். அதனால்தான் அவருக்கு அது ஒரு மாற்றமாகவே படவில்லை. போல்ட்டை அளந்தார், பீப்பாயை அளந்தார், எங்களையெல்லாம் அளந்தார். நாலு என்று தானே சொன்ன புல்லியை மட்டும் அவர் மறுபடி அளக்கவில்லை.

நிமிர்ந்தால் ஜெட்டியில் சவரிமுத்து நின்றுகொண்டிருந்தார். கோவில் சட்டையோடு.

"யாரக் கேட்டுத் தொறந்த?"

நான் கேலிப்பரை அப்படியே நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். திருப்பித் தானே ஒருமுறை வைத்துப் பார்த்தார். கணக்கை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர் வாய்க்குள்ளேயே போட்டுவிட்டார். "அப்படியா?" என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "கத்தியக் குடு. சொரண்டிப் போட்டுருவோம். புது பெல்ட்டு மாட்டினா சரியாப் போயிரும்" என்றார்.

நான் கத்தியைக் கொடுக்கவில்லை. "இப்ப கை வெக்காதீங்க ஐயா."

"ஏன்?"

"செராங்கு உள்ள இருக்காரு. நாளைக்குப் படகு நல்லா ஓடிச்சுன்னா தொர என்ன நெனைப்பாரு? திருடன உள்ள போட்டதும் திருட்டு நின்னுபோச்சுன்னுதானே? நீங்க சொரண்டுற சொரண்டு அந்த மனுஷனுக்கு வெலங்கு."

அவர் அதை யோசித்திருக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அல்லது யோசித்திருந்தாரா? மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். பிறகு, "என் நாற்காலியில உக்காரப் பாக்குற, அதானே ராமையா?" என்றார். அத்தனை வருஷத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அபூர்வம். "வழுக்காதுன்னு தொரகிட்டச் சொன்னேன். வழுக்கிருச்சுன்னு எப்புடிப் போய்ச் சொல்றது?"

"நாற்காலி உங்களுக்கே இருக்கட்டும் ஐயா. சொரண்டாதீங்க. சொரண்டினீங்கன்னா நான் தொரகிட்டப் போயிருவேன்" என்றேன். அவர் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால், செராங்கின் கூட்டாளி என்று நானும் அந்தச் சாமான் அறைக்குத்தான் போக வேண்டும். சீவிய துண்டை மடியில் முடிந்துகொண்டேன். அது எதற்கும் சாட்சி ஆகாது என்று எனக்கே தெரியும். ஆலையில் எந்தப் புல்லியில் வேண்டுமானாலும் அந்த மாதிரித் துண்டு கிடைக்கும்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் ஜெட்டிக்கு ஓடினேன். எனக்கு முன்னால் சவரிமுத்து அங்கே இருந்தார். படகில், கூண்டின் மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் புதிதாக வெட்டித் தைத்த தோல் பெல்ட். அதற்குள் சுரண்டிவிட்டாரா? எட்டிப் பார்த்தேன். கூண்டு மூடியிருந்தது. "தொறந்து பாத்துக்க" என்றார் என் முகத்தைப் பார்க்காமல். திறந்தேன். துணிச் சுற்று அப்படியே இருந்தது, நான் சீவிய இடம் உட்பட. இப்போதுதான் வந்தாரா, மாற்றுவதற்குள் நான் வந்துவிட்டேனா, அல்லது மாற்றவே வரவில்லையா? கேட்கவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சூரியன் ஏறுவதைப் பார்த்தோம்.

துரை வந்தார். மலாய்க்கார இன்ஸ்பெக்டர் வந்தார். மரைக்காயரை ஒரு போலீஸ்காரர் கூட்டிவந்தார். விலங்கு மாட்டவில்லை, ஆனால் போலீஸ்காரரின் கையில் தொங்கியது. அதைத்தான் மரைக்காயர் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரத்தோடு பேச எனக்கு நாக்கு புரளாது. "தொரை, ஒரே ஒரு தடவ செராங்க வெச்சுப் படக ஓட்டிப் பாருங்க, மீட்டரப் பாருங்க" என்று மட்டும் கேட்டேன். துரைக்கு எரிச்சல். இன்ஸ்பெக்டர் ஆர்வமாகப் படகில் ஏறிவிட்டதால் அவரும் ஏறினார்.

மரைக்காயர் ஓட்டினார். படகு கோடு போட்டதுபோலப் போயிற்று. ஊசி எகிறி நின்றது. துரை குனிந்து பார்த்தார். "இது என்ன, இவ்ளோ?" என்றார் தன் தோட்டத்துத் தமிழில். திரும்பி வந்து ஜெட்டியில் கட்டியதும் நான் கூண்டைத் திறந்து புல்லியைக் காட்டினேன். துரை விரலால் தொட்டுப் பார்த்து, விரலை முகர்ந்தார்.

"இந்தப் பால் துணி யார் சுத்தினது?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே நிச்சயமில்லை. அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான்தான் தொரை. பெல்ட்டு வழுக்கிச்சு. சொல்லாம சுத்தினேன். கரண்ட்ட யாரும் திருடல. செராங்கு சொன்னது நெசம்."

சவரிமுத்து கத்தியை எடுத்துத் துணியை அவரே அறுத்தார். பட்டை பட்டையாக உரித்துப் போட்டு, இரும்பு தெரிந்ததும் கேலிப்பரை வைத்துத் துரைக்குக் காட்டினார். நாலு. புது பெல்ட்டை மாட்டினார். அது இன்னும் நீளாத பெல்ட், அதனால் இறுக்கமாகப் பிடித்தது. மறுபடி ஓடினோம். ஊசி பாதிக்குப் பக்கத்தில் இறங்கி நின்றது. படகு முன்போல மெதுவாகப் போயிற்று. கரைக்கு வந்ததும் துரை இன்ஸ்பெக்டரைக் காலைப் பலகாரத்துக்குப் பங்களாவுக்குக் கூப்பிட்டார். போகிற போக்கில் படகுச் சங்கிலியின் சாவியைச் சவரிமுத்துவிடம் வாங்கி மரைக்காயரிடம் கொடுத்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆத்திரம்தான்.

பிறகு பிரம்பு நாற்காலியை நகர்த்த அனுமதி கிடைத்தது. மோட்டாரை முன்னால் தள்ளினோம். பெல்ட்டின் தளர்ந்த பக்கத்தில், அதை அழுத்திச் சின்னப் புல்லியோடு கூடுதலாகச் சுற்றிப் பிடிக்க வைக்க ஒரு உருளை போட்டோம். பாலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. தம்போய்க்காரர் இதைப் படிப்பாரானால் அவருக்குச் சொல்வது: முதலில் விசிறி எவ்வளவு சுற்ற வேண்டும் என்று பார்க்கட்டும். பிறகு மோட்டார் சுமையோடு எவ்வளவு சுற்றுகிறது என்று எண்ணட்டும். மோட்டார் சுற்றை விசிறிச் சுற்றால் வகுத்தால், பெரிய புல்லி சின்னதைப் போல எத்தனை மடங்கு என்று வந்துவிடும், அதற்கு நான் வேண்டாம். வழுக்கினால் இடைவெளியைக் கூட்டட்டும், புல்லியைப் பெருக்க வேண்டாம். ஊசி ஏறினால், ஏறுகிறது என்று சொல்கிற ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் புல்லியில் கேலிப்பரை வைக்கட்டும்.

சவரிமுத்து அதற்குப் பிறகும் எங்கள் போர்மேனாகவே இருந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்த விடிகாலையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. எனக்கு மட்டும் அது தொண்டையில் மீன்முள்ளாக இருந்தது. புது பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் எதற்காக அவ்வளவு சீக்கிரம் வந்திருந்தார்? எங்களுக்குக் காட்டுவதற்கா, யாரும் பார்க்காமல் மாற்றிவிட்டுப் போவதற்கா? "நான்தான்" என்று சொன்னது மனசாட்சியா, நான் வாயைத் திறந்துவிட்டேன் என்பதைப் பார்த்த பயமா?

ஒருநாள் நோயாளிகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மரைக்காயரிடம் கேட்டேவிட்டேன். "பாய், அவரு நெசமாவே உங்களுக்காகத்தான் சொன்னாரா? இல்ல, நான் முந்திக்குவேன்னு சொன்னாரா?"

மரைக்காயர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, சுக்கானை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, வெலங்கு எனக்கு ரெண்டு முழம் தள்ளித் தொங்கிக்கிட்டிருந்துச்சு. நான்தான்னு ஒரு வார்த்த வந்துச்சு. அது அவரு நெஞ்சுலருந்து வந்துச்சா, பயத்துலருந்து வந்துச்சான்னு நான் தோண்டிப் பாக்கல. அன்னிக்கு மகரிபு தொழுகைக்கு நான் வீட்ல இருந்தேன், மூணு புள்ளையும் பக்கத்துல இருந்துச்சு. எனக்கு அது போதும்."

அவருக்குப் போதும்தான். எனக்கு இன்றுவரை போதவில்லை.